நடக்க முடியாதவனை யார் தூக்குவது?

தென்காசி நிலையத்தில் இறங்கி மேற்கே திரும்பினால் மலை தெரியும். மலையின் மடியில் குற்றாலம். ஆனியும் ஆடியும் சாரல் காலம். ஆலைத் தொழிலாளி வருகிறான், ஆடம்பரச் சீமானும் வருகிறான். அருவி இருவர் தலையிலும் ஒரே மாதிரிதான் விழுகிறது! சாதி கேட்பதில்லை, சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பதில்லை. உடல் அலுப்புத் தீரவேண்டும், உள்ளம் குளிரவேண்டும் என்று நாடெங்குமிருந்து மக்கள் இங்கே நடந்து வருகிறார்கள்.

நடக்க முடிந்தவர்கள் வருகிறார்கள். நடக்க முடியாதவர்கள், நாடியும் மூச்சும் தளர்ந்தவர்கள், படுத்த படுக்கையோடு ஒருநாள் இந்தப் பக்கம் வர நேர்ந்தால்? அதைப்பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வேண்டும், தோழர்களே!

பேச வைத்தவர் ஒரு வேன் ஓட்டுநர். கூட்டம் முடிந்த இரவு, ஐந்தருவிச் சாலைத் தேநீர்க் கடையில் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

“அண்ணாச்சி, மேடையில கூடங்குளத்தப் பத்திப் பேசினீய. அது கடலோரத்துல கெடக்கு, நாம மலையோரத்துல கெடக்கோம். அங்க என்ன நடந்தா நமக்கென்ன? பேச வேற விஷயமா இல்ல?”

“இருக்கட்டும் அண்ணாச்சி, வீட்டுல எல்லாரும் சொகந்தானா?”

“எங்க சொகம்? அம்மா ஒரு மாசமா ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில படுக்கையில கெடக்காவ. மூக்குல குழாய் வச்சிருக்கு.”

“பாளையங்கோட்டையிலயா? நாளைக்கு விடியக்காலம், எல்லாரும் ஒரு மணி நேரத்துல ஆஸ்பத்திரிய விட்டுக் கெளம்புங்கன்னு உத்தரவு வந்தா என்ன செய்வீய?”

அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அவுகளால நடக்க முடியாதே, அண்ணாச்சி.”

அந்த ஒரு சொல்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தொலைவைப் பார்ப்போம். கூடங்குளம் அணு உலையிலிருந்து நேர்கோடு போட்டால், கன்னியாகுமரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர், நாகர்கோவில் 30, பாளையங்கோட்டை 60, தென்காசி 100. சட்டத்தின் ஏட்டில், அவசரகாலத் திட்டத்துக்கென்று உலையைச் சுற்றி வரைந்த வட்டம் 16 கிலோமீட்டர். ராதாபுரம் அந்த வட்டத்துக்குள், வள்ளியூர் வெளியே. ஆனால் காற்று வட்டம் பார்த்தா வீசுகிறது? 2011இல் ஜப்பானின் புகுஷிமா உலைகள் வெடித்தபோது நச்சுக் காற்று வடமேற்கே திரும்பியது. 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த இட்டாட்டே என்னும் ஊரையே பிறகு காலி செய்ய வேண்டி வந்தது. அமெரிக்க அரசோ, அங்கிருந்த தன் குடிமக்களுக்கு 80 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடுங்கள் என்று அறிவுரை சொன்னது. அந்த அளவுகோலை இங்கே வைத்தால் நாகர்கோவில் உள்ளே, பாளையங்கோட்டை உள்ளே, தென்காசி வெளியே!

வெளியே என்றால் விலகி நிற்கும் ஊர் என்றா பொருள்? வருகிறவர்களை வாங்கிக்கொள்ளும் ஊர் என்று பொருள். அந்த வேன் ஓட்டுநரின் அம்மா எங்கே வந்து சேருவார்? தென்காசிக்குத்தான். அதனால்தான் சொல்கிறேன், இது கடலோரத்தின் கவலை மட்டுமன்று, மலையோரத்தின் கடமையும்கூட.

இப்போது ஜப்பானுக்கு வாருங்கள். ஓகுமா என்றொரு சிற்றூர். புகுஷிமா உலையிலிருந்து 5 கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில் ஃபுதாபா என்னும் மருத்துவமனை. 2011 மார்ச் 11 அன்று நிலம் நடுங்கியது, கடல் பொங்கியது, உலை கொதித்தது. அப்போது அந்த மருத்துவமனையில் 338 நோயாளிகள். அதைச் சேர்ந்த முதியோர் இல்லத்தில் 98 பேர். பெரும்பாலோர் முதியவர்கள், பலர் படுத்த படுக்கை, குழாய் வழியே உணவு, குழாய் வழியே நீர்.

மறுநாள் விடியலில் உத்தரவு: 10 கிலோமீட்டருக்குள் இருப்போர் அனைவரும் வெளியேறுக! பேருந்துகள் வந்தன. நடக்க முடிந்த 209 பேர் ஏறினார்கள். ஊழியர்களில் பெரும்பாலோரும் அவர்களோடு ஏறினார்கள். மீதிப் பேரை ஏற்ற அடுத்த வண்டி உடனே வரும் என்று நம்பினார்கள். வண்டிகள் புறப்பட்டன.

அடுத்த வண்டி வரவில்லை.

படுக்கையில் 129 பேர். முதியோர் இல்லத்தில் 98 பேர். மருத்துவரும் விரல்விட்டு எண்ணத்தக்க சில ஊழியரும். மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, தொலைபேசி ஊமை. அன்று பிற்பகலே முதல் உலைக் கட்டடம் வெடித்தது. ஊராட்சி எல்லோரும் போய்விட்டார்கள் என்று எண்ணியது. படுக்கையில் கிடந்தவர்களின் கணக்கு ஓர் அலுவலகத்திலிருந்து அடுத்த அலுவலகத்துக்குப் போய்ச் சேரவில்லை. உலகத்துக்கே தொலைக்காட்சிப் பெட்டி விற்ற நாடு, தோழர்களே! அந்த நாட்டில், 5 கிலோமீட்டருக்குள் படுத்துக் கிடந்த 227 உயிர்கள் கணக்கிலிருந்து நழுவிப் போயின.

இரண்டு நாள் கழித்து, 14ஆம் நாள் காலை, படையினரின் வண்டிகள் வந்தன. முதியோர் இல்லத்தின் 98 பேரும் மருத்துவமனையின் 34 பேரும் ஏற்றப்பட்டனர். படுக்கவேண்டியவர்கள் பேருந்து இருக்கையில் உட்கார்த்தி வைக்கப்பட்டார்கள். உடன் மருத்துவர் இல்லை, செவிலி இல்லை. போகவேண்டிய இடம் தெற்கே, இவாகி நகரம். ஆனால் வண்டிகள் முதலில் போனது வடக்கே, மினாமிசோமாவுக்கு. உடலில் கதிர்வீச்சு ஒட்டியிருக்கிறதா என்று சோதிப்பதற்காக! அங்கிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு தெற்கே. மொத்தம் 230 கிலோமீட்டர், ஏறத்தாழ 10 மணி நேரம். இறங்கிய இடம் மருத்துவமனையா? பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம்! வெறும் தரை, மார்ச் மாதத்துக் குளிர்.

வழியிலேயே சிலர் மாண்டார்கள். கூடத்துத் தரையில் மேலும் சிலர். மருத்துவமனையில் எஞ்சியிருந்த 95 பேரை மீட்டு முடிக்க 16ஆம் நாள் ஆயிற்று. உலையைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் இருந்தவை 7 மருத்துவமனைகள். நோயாளிகள் ஏறத்தாழ 850 பேர். மருத்துவமனைகளிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்களில், அந்த மாதம் முடிவதற்குள் குறைந்தது 60 பேர் இறந்தார்கள் என்று ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு எழுதி வைத்தது.

அவர்களைக் கொன்றது எது? கதிர்வீச்சா? அன்று! குளிர் கொன்றது, தாகம் கொன்றது, குலுங்கிய பேருந்து கொன்றது. காப்பாற்றக் கிளம்பிய பயணமே கொன்றது!

கொடுமைக்கு மேல் கொடுமையாகப் பழியும் வந்தது. நோயாளிகளை விட்டுவிட்டு ஊழியர்கள் ஓடிவிட்டார்கள் என்று எண்ணும்படி மாநில நிர்வாகம் அறிக்கை விட்டது. தலைமை மருத்துவர் அங்கேயே இருந்தவர், காவல் துறையால் அப்புறப்படுத்தப்பட்டவர் என்பது பின்னர்தான் தெரிந்தது. அறிக்கையைத் திருத்தினார்கள். திருத்தம் எப்போதும் பழியைவிட மெல்லத்தானே நடக்கும்!

மின் நிறுவனத்தின் முன்னாள் தலைவர்கள் மூவர் குற்றக் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். வழக்கு 44 பேரின் சாவைப் பற்றியது. அந்த மருத்துவமனை நோயாளிகள் அதில் அடக்கம். 2019இல் விடுதலை. 2023இல் மேல்முறையீட்டிலும் விடுதலை உறுதி. 2025 மார்ச்சில் ஜப்பான் உச்ச நீதிமன்றமும் அதையே நிலைநிறுத்தியது. அத்தனை பேர் இறந்தார்கள். குற்றவாளி என்று எவரும் இல்லை! பிறகு வந்து நீதி கேட்பதைவிட, முன்பே திட்டம் கேட்பது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

“அப்படியானால் நோயாளிகளை நகர்த்தவே கூடாதா?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்கும் ஜப்பானே விடை சொல்கிறது. மினாமிசோமா நகரில் 5 முதியோர் இல்லங்களை ஆய்ந்தார்கள். வெளியேற்றத்துக்குப் பின் இறப்பு, முன்பிருந்ததைப்போல் 2.7 மடங்கு. ஆனால் 5 இல்லங்களிலும் ஒரே கணக்கா? இல்லை! ஓர் இல்லத்தில் இறப்பு கூடவேயில்லை. வேறொன்றில் ஏறத்தாழ 3 மடங்கு. நகரம் ஒன்று, நெருக்கடி ஒன்று. போகும் இடத்தை முடிவு செய்துகொண்டு, பராமரிப்பவர்களையும் உடன் கூட்டிக்கொண்டு, போன இடத்திலும் அதே கவனிப்பைக் கொடுப்பது ஒரு வகை. ஏற்று, ஓட்டு, எங்காவது இறக்கு என்பது இன்னொரு வகை. முன்னது பயணம், பின்னது தண்டனை.

நலமாக இருப்பவர்களை நகர்த்துவது எளிது. 1986இல் செர்னோபில் உலை வெடித்த மறுநாள், பிரிப்யாத் நகரின் ஏறத்தாழ 49,000 மக்களைச் சுமார் 1,200 பேருந்துகளில் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிட்டார்கள். கால் இருப்பவன் ஏறிக்கொள்வான். திட்டம் என்பது கால் இல்லாதவனுக்காகத்தான் எழுதப்பட வேண்டும். அவனை மையமாக வைத்து எழுதினால், மற்றவர்கள் தாமாகவே அதற்குள் அடங்கிவிடுவார்கள்.

“இது நம் நாடு, ஜப்பான் அல்லவே” என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2011 டிசம்பர் 9, கல்கத்தாவில் டாக்குரியா. பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் விடியுமுன் தீ. அணு உலை இல்லை, கதிர்வீச்சு இல்லை, புகை மட்டும். படுக்கையில் கிடந்தவர்கள் மூச்சுத் திணறி, ஏறத்தாழ 90 பேர் மாண்டார்கள். முதலில் ஓடி வந்தது யார்? பக்கத்துக் குடிசைப் பகுதியின் ஏழை இளைஞர்கள்! வாயிற்காவலர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அந்த இளைஞர்களே கண்ணாடியை உடைத்து, கயிறு கட்டி, நோயாளிகளை இறக்கினார்கள். ஆபத்து வேளையில் ஏழையின் தோள்தான் ஸ்ட்ரெச்சர். அந்தத் தோளுக்கு முன்பே பயிற்சி கொடுத்து, முன்பே கதவைத் திறந்து வைத்தால் என்ன குறைந்துவிடும்?

நம் வட்டாரத்தையே பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் நெல்லையும் தூத்துக்குடியும் தென்காசியும் வெள்ளத்தில் மிதந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது நின்றபடி. நூற்றுக்கணக்கான பயணிகள் உள்ளே. சாலைகள் துண்டு துண்டாயின. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில், குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது காட்டாறு பாய்ந்தது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். 17 வயதுச் சிறுவன் ஒருவனை வெள்ளம் கொண்டுபோயிற்று. எச்சரிக்கைக்கும் ஆபத்துக்கும் இடையே கிடைப்பது எத்தனை நிமிடம் என்று நம் அருவியே நமக்குப் பாடம் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட மழை நாளில் உலைக்கும் இடர் வந்தால்? ஜப்பானில் நிலநடுக்கமும் கடலும் உலையும் ஒரே நாளில்தானே சேர்ந்து வந்தன!

அணு உலை வேண்டுமா, வேண்டாமா? அது வேறு மேடை. இடிந்தகரை மக்கள் எழுப்பிய அந்தக் கேள்வியை இங்கே நான் தீர்க்கப் போவதில்லை. உலை உறுதியானது, மின்சாரம் இல்லாமலே குளிரும் ஏற்பாடு உண்டு, உருகினால் ஏந்திக்கொள்ளும் பாத்திரமும் அடியில் உண்டு என்கிறார்கள். உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இடர் வராமலே போகட்டும், மகிழ்ச்சி! ஆனால் தீயணைப்பு வண்டி வாங்கி நிறுத்துகிறவன், ஊருக்குத் தீ வைக்கவா போகிறான்? 6 உலைகளுக்கு, ஒவ்வொன்றும் 1000 மெகாவாட் என்று திட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு, 60 நோயாளிகளைத் தூக்கத் திட்டம் போடத் தெரியாதா?

இங்கே ஒரு விந்தையைக் கேளுங்கள். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டுங்கள். ஒன்றியப் பட்டியலில் 6ஆவது பதிவு: அணு ஆற்றல். மாநிலப் பட்டியலில் 6ஆவது பதிவு: பொதுச் சுகாதாரம், மருத்துவமனைகள். எண் ஒன்றுதான், எசமானர்கள் இருவர்! உலை டில்லியுடையது, உலையின் கணக்கு டில்லியுடையது, மின்சாரத்தைப் பங்கிடும் பேனாவும் டில்லியுடையது. ஆனால் இடர் வந்தால், வேலிக்கு வெளியே மக்களை வெளியேற்ற வேண்டியவர் மாவட்ட ஆட்சியர். தூக்க வேண்டியது நம் செவிலி, ஓட்ட வேண்டியது நம் ஓட்டுநர், படுக்கை கொடுக்க வேண்டியது நம் அரசு மருத்துவமனை. உரிமை அங்கே, சுமை இங்கே! மாநில உரிமை என்று நாம் மேடைதோறும் முழங்குவது ஏதோ கொடிக்கும் கோட்டைக்கும் மட்டும் என்று நினைத்தவர்கள் இதைப் படிக்கட்டும். சுமையைத் தருகிறவர்கள் பணத்தையும் தகவலையும் சேர்த்துத் தரவேண்டும். உலையில் என்ன நடக்கிறது என்ற செய்தி டில்லிக்கு எட்டும் அதே நிமிடத்தில், மருத்துவமனைத் தலைமை மருத்துவரின் மேசைக்கும் எட்டவேண்டும்.

2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி கொடுத்தபோதே, 15 கட்டளைகளையும் சேர்த்துக் கொடுத்தது. உலை வளாகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் அவசரகால ஒத்திகைகளை அவ்வப்போது நடத்தவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஜப்பானிலோ ஒரு படி மேலே போனார்கள். 2021 மார்ச் 18 அன்று மிட்டோ மாவட்ட நீதிமன்றம், டோக்காய் உலையை ஓட்டக்கூடாது என்றது. ஏன்? 30 கிலோமீட்டருக்குள் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அவர்களை வெளியேற்றும் திட்டம் சரியாக இல்லை! உலையின் சுவர் எவ்வளவு கனம் என்பதோடு, ஊரின் வழி எவ்வளவு அகலம் என்பதையும் நீதிமன்றம் அளந்து பார்த்தது.

சரி, என்ன கேட்கவேண்டும் நாம்?

முதலாவது, கணக்கு. நாகர்கோவில் முதல் பாளையங்கோட்டை வரை ஒவ்வொரு மருத்துவமனையிலும், தனியார் உட்பட, நடப்பவர் எத்தனை, சக்கர நாற்காலி எத்தனை, ஸ்ட்ரெச்சர் எத்தனை, ஆக்சிஜனை விட்டுப் பிரிக்கக் கூடாதவர் எத்தனை என்று எழுதி வைக்கவேண்டும். அதை வாராவாரம் திருத்தவேண்டும்.

இரண்டாவது, இடம். இந்த வார்டு இந்த மருத்துவமனைக்கு என்று முன்பே இணைத்துவிட வேண்டும். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் மருத்துவமனைகளில் எத்தனைக் கட்டில், எத்தனை டயாலிசிஸ் கருவி, எத்தனை ஆக்சிஜன் இணைப்பு என்று இன்றே எண்ணிப் பார்த்து, பற்றாததை நிரப்பவேண்டும். குற்றாலத்து விடுதி அறைகள் உறவினர் தங்க உதவும்; மூக்கில் குழாய் வைத்தவருக்கு உதவா. சாரல் காலமானால் அந்த அறைகளும் நிரம்பி, சாலையும் நிரம்பியிருக்கும். திட்டம் எழுதுகிறவர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையை மனத்தில் வைத்து எழுதவேண்டும்.

மூன்றாவது, வண்டியும் ஆளும். அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டு தொடங்கிய 2008 செப்டம்பர் 15 அன்று கலைஞர் ஆட்சி 108 ஆம்புலன்சைக் கொண்டுவந்தது. ஏழையின் வாசலுக்கு அந்த வண்டி வந்த பிறகு பிழைத்த உயிர்கள் எத்தனை! ஆனால் ஒரே இரவில் நூற்றுக்கணக்கானோரைத் தூக்க ஆம்புலன்ஸ் மட்டும் போதாது. இருக்கையைக் கழற்றிப் படுக்கை போடத்தக்க பேருந்துகள் எவை என்று இன்றே குறிக்கவேண்டும். ஒவ்வொரு பேருந்திலும் ஒரு செவிலி, குடிநீர், மூன்று நாள் மருந்து, நோயாளியின் கையிலேயே கட்டிய நோய்க் குறிப்பு இருக்கவேண்டும்.

நான்காவது, தங்கும் உரிமை. நகர்த்தினால் இறந்துவிடக் கூடியவரை உடனே நகர்த்தவேண்டாம். சன்னலை மூடி, உள்ளேயே வைத்துக் காக்கலாம். தக்க வண்டி வந்ததும் முறைப்படி அனுப்பலாம். அதற்கு டீசல் வேண்டும், தண்ணீர் வேண்டும், உணவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடன் தங்கும் ஊழியர் வேண்டும். “தங்கு” என்று செவிலிக்குக் கட்டளையிடுவது எளிது. அவளுக்கும் வீட்டில் பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளையை யார் அழைத்துப் போவார் என்று சொல்லிவிட்டு, கதிர்வீச்சு அளக்கும் கருவியை அவள் சட்டையில் குத்திவிட்டு, அயோடின் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, பிறகு கேளுங்கள், தங்குவாள்! ஒப்பந்தக் கூலிக்கு வார்டைத் துடைக்கும் தாயையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். ஆபத்தில் பங்கு கேட்கிறவர்கள், அமைதிக் காலத்தில் அவளை நிரந்தரமாக்க மறுப்பது எந்த நீதி?

ஐந்தாவது, ஒத்திகை. 2012 ஜூனில் நக்கனேரியில் ஒத்திகை நடத்தினார்கள். கிராமத்து ஒத்திகை போதாது; மருத்துவமனை ஒத்திகை வேண்டும். பகலில் அதிகாரிகள் கைக்கடிகாரம் பார்க்க நடத்துவதோடு நில்லாமல், மழை இரவில், லிஃப்ட் நின்ற நிலையில், மாடியிலிருந்து ஒருவரை இறக்கிப் பாருங்கள். திட்டம் தமிழில் அச்சாகி வார்டு வாசலில் தொங்கட்டும். ஆங்கிலத்தில் எழுதிப் பீரோவில் பூட்டிய திட்டம், அந்தப் பீரோவை மட்டும்தான் காப்பாற்றும்!

கேட்பது மட்டும்தானா நம் வேலை? கிளைக் கழகத் தோழர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்குள் படுக்கையாய்க் கிடப்பவரைத் தேடிப் போயிற்று. உங்கள் தெருவில், பீடி சுற்றிச் சுற்றி நெஞ்சு தேய்ந்து படுத்துவிட்ட தாய் எந்த வீட்டில், பக்கவாதம் வந்தவர் எந்த வீட்டில், அவர் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். சுமை தூக்கும் தோழரே, நாலு பேர் ஒரு சமுக்காளத்தில் ஒரு மனிதரை எலும்பு நோகாமல் தூக்குவது எப்படி என்று ஒரு நாள் செவிலியிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வேன் ஓட்டும் தோழரே, உங்கள் பெயரையும் வண்டி எண்ணையும் படிப்பகத்துப் பலகையில் எழுதி வையுங்கள். அணு இடருக்கு மட்டுமா? வெள்ளத்துக்கு உதவும், தீ விபத்துக்கு உதவும். தென்காசிக் கோபுரம் வானளாவ நிற்கிறது. அண்ணாந்து பார்க்கலாம், சிற்பத்தை வியக்கலாம். ஆனால் கோபுரம் குனிந்து வந்து ஒரு கிழவியைத் தூக்காது. மனிதன்தான் குனியவேண்டும்.

அன்றிரவு அந்த வேன் ஓட்டுநர் எழுந்து போகுமுன் ஒன்று கேட்டார். “அண்ணாச்சி, என் வேன்ல பின்சீட்டக் கழத்துனா ரெண்டு பேரப் படுக்க வைக்கலாம். யார்ட்டப் பேரு குடுக்கணும்?”

தோழர்களே, அவர் பெயர் கொடுக்கத் தயார். அதை வாங்கி எழுத ஒரு மேசை, ஓர் ஏடு, ஓர் அதிகாரி வேண்டும். தென்காசியில் அந்த ஏடு திறக்கப்படும் வரை கேட்போம். மனுவாகக் கேட்போம், மன்றத்தில் கேட்போம், மேடையில் கேட்போம்: நடக்க முடியாதவனை யார் தூக்குவது?